மீரியும் நியாவும்: எண்ணெய்க் குன்றிலிருந்து பெருங்குகை வரை



நம் நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தென்சீனக் கடலுக்கு அப்பால், போர்னியோ தீவின் வடமேற்குக் கரையில், புருணை நாட்டை ஒட்டி மீரி என்று ஒரு நகரம் இருக்கும். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரப் பயணம். ஒரே நாட்டுக்குள் போகிறோம் என்றாலும் மீரி விமான நிலையத்தில் இறங்கியதும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்துதான் வெளியே வரவேண்டும். 1963இல் மலேசியா அமைந்தபோது சரவாக்கும் சபாவும் கேட்டுப் பெற்றுக்கொண்ட உரிமை அது. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது, "நாம் வேறு நாட்டுக்கா வந்துவிட்டோம், அப்பா?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு உரிய பதில் அந்த வட்டாரத்துக் குகை ஒன்றுக்குள் இருக்கிறது. அங்கே பிறகு வருகிறேன்.

பள்ளி விடுமுறையில் இரண்டு ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மீரியையும் அதைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காக்களையும் பார்த்து வந்தோம். பயணக் கதை சொல்வது இன்று என் நோக்கமல்ல. அந்தச் சாலையின் இரு பக்கமும் புதைந்து கிடக்கும் வரலாற்றைச் சொல்லவே வந்திருக்கிறேன். அது பெரும்பாலும் உழைத்தவர்களின் வரலாறு. அதனால் அது நமக்கு அந்நியமாக இராது என்று நம்புகிறேன்.

மீரி நகரத்தின் முதுகுப்புறத்தில் கடலைப் பார்த்தபடி நீளமான ஒரு குன்று இருக்கிறது. கனடாக் குன்று என்று பெயர். அதன் உச்சிவரை கார் போகிறது. மேலே ஒரு கோபுரம் நிற்கிறது. மலேசியாவில் தோண்டப்பட்ட முதல் எண்ணெய்க் கிணறு அந்த இடத்தில்தான் இருந்தது. ஊர்மக்கள் அதற்கு 'மூதாட்டி' என்று பொருள்படும் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் துளையிடத் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஏறக்குறைய 130 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கண்டார்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 83 பீப்பாய் கிடைத்தது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். அந்தக் கிணறு 62 ஆண்டுகள் எண்ணெய் தந்தபிறகு 1972இல் மூடப்பட்டது. கோபுரத்தின் பக்கத்தில் 2005இல் பெட்ரோலிய அருங்காட்சியகம் ஒன்றும் திறந்தார்கள். மீரி மாநகரமாக உயர்த்தப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இவையெல்லாம் பலகைகளில் எழுதியிருக்கும் செய்திகள். எண்ணெயைக் 'கண்டுபிடித்தவர்கள்' யார் என்று கேட்டால், பள்ளிப் புத்தகம் ஒரு கம்பெனியின் பெயரையும் வெள்ளைக்கார அதிகாரிகள் சிலரின் பெயர்களையும் சொல்லும். ஆனால் அந்த அதிகாரிகளே எழுதிவைத்த குறிப்பு வேறு கதை சொல்கிறது. 1882இல், கிளாட் ஷாம்பியன் தெ கிரெஸ்பின்யி என்ற சரவாக் அரசாங்க அதிகாரி, மீரி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 18 எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்ததாகக் குறித்திருக்கிறார். அவை அனைத்தும் உள்ளூர் மக்கள் கையாலேயே தோண்டியவை. அவர்கள் அந்த எண்ணெயை 'மிஞ்ஞாக் தானா' என்றார்கள். 'மண் எண்ணெய்' என்று நாம் சொல்வதும் அதே பொருள்தான் பாருங்கள்! விளக்கெரிக்கவும், படகில் தண்ணீர் புகாமல் பூசி அடைக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆக, கம்பெனி வருவதற்கு முன்பே எண்ணெயும் கிணறும் இருந்தன. அதை எடுக்கத் தெரிந்த மக்களும் இருந்தார்கள்.

அந்தக் குறிப்பு சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அப்போது சரவாக் நாட்டை ஆண்டவர்கள் புரூக் குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கிலேய ராஜாக்கள். பாராம் வட்டாரத்தில் அதிகாரியாக இருந்த சார்லஸ் ஹோஸ், எண்ணெய் ஊறும் இடங்களைக் குறித்து வைத்திருந்தார். ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பியபின் அவர் எடுத்த முயற்சியால், 1909இல் ராஜா சார்லஸ் புரூக்குக்கும் ஷெல் குழுமத்தைச் சேர்ந்த ஆங்கிலோ சாக்சன் பெட்ரோலியம் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு நிலவியல் அறிஞர் ஒருவர் வந்து குன்றைச் சோதித்து இடம் குறித்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் மீரியில் இருந்தவை சுமார் 20 வீடுகளும் ஒன்றிரண்டு கடைகளும்தான். சாலையே கிடையாது. மரத்தாலான துளைக்கோபுரத்தின் உறுப்புகளும் இரும்புத் தளவாடங்களும் ஆற்றோரத்துச் சதுப்பைத் தாண்டிக் குன்றின்மேல் ஏறியாக வேண்டும். சுமந்தவை மனிதத் தோள்கள். அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயர்ப் பட்டியல் எதையும் நான் அந்தக் குன்றில் காணவில்லை.

கிணறுகள் பெருகி 600ஐத் தாண்டின. 1929இல் மீரியின் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு நாளொன்றுக்கு 15,000 பீப்பாய்க்கு மேல் போனது. பக்கத்தில் லூத்தோங் என்ற இடத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. சீனர், ஜாவானியர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல இனத்தார் கூலிக்கு வந்து சேர, மீரி ஊரானது. நம் தோட்டங்கள் எழுந்த விதமும் ஏறக்குறைய இதுதானே! அங்கே எண்ணெய், இங்கே ரப்பர். மோட்டார் காருக்கு எண்ணெயும் வேண்டும், டயரும் வேண்டும். அந்த இரண்டையும் உலகுக்குக் கொடுத்த தொழிலாளிகள், தென்சீனக் கடலின் இரு கரைகளிலும் ஒருவரையொருவர் அறியாமலே உழைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் இருக்கும் இடத்துக்குப் போர் வராமலிருக்குமா? 1941 டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியர் மலாயாவைத் தாக்கிய செய்தி வந்ததுமே மீரியின் கிணறுகளையும் ஆலையையும் அழிக்கும் வேலை தொடங்கிவிட்டது. எதிரியின் கையில் எண்ணெய் கிடைக்கக் கூடாது என்பது முன்பே போட்டுவைத்த திட்டம். அந்த வேலைக்குத் துணையாக நின்ற படைப்பிரிவு பிரிட்டிஷ் இந்தியச் சேனையின் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்தது. சில நாட்களில் அவர்கள் கூச்சிங்குக்குத் திரும்பிவிட்டார்கள். டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானியர் மீரிக் கரையில் இறங்கினார்கள். பாதுகாப்பே இல்லாத ஊரில் மக்கள் மட்டும் எஞ்சி நின்றார்கள். துரைமார்கள் வண்டியேறிப் போனபின் தோட்டத்து லயங்களில் நம் பாட்டன் பாட்டிகள் நின்ற நிலையும் அதுதான். 1945 ஜூன் மாதம் ஆஸ்திரேலியப் படை லூத்தோங்கில் இறங்கும் வரையில் மூன்றரை ஆண்டுகள் அப்படிக் கழிந்தன.

இனி சாலைக்கு வருவோம். மீரியிலிருந்து தெற்கே பிந்துலுவை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் காரை விட்டால், சுமார் 30 கிலோமீட்டரில் லம்பிர் குன்றுகள் தேசியப் பூங்கா வருகிறது. 1975இல் அமைக்கப்பட்டது. பரப்பளவு ஏறக்குறைய 17,000 ஏக்கர். சாலையோரத்திலேயே நுழைவாயில் இருப்பதால் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் செல்ல வசதியானது. லாத்தாக் அருவிக்குச் சிறிது தூரம் நடந்தாலே போதும்.

ஆனால் லம்பிரின் பெருமை அருவியில் இல்லை. அங்கே காட்டுக்குள் 52 ஹெக்டேர், அதாவது சுமார் 128 ஏக்கர் நிலத்தை அளந்து குறித்து, 1990களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, எண் கட்டி, பெயர் எழுதி வருகிறார்கள். சுண்டுவிரல் பருமனுள்ள செடியிலிருந்து கணக்கில் சேரும். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். ஏறக்குறைய 1,200 வகைகள். உலகத்திலேயே மரவகைகள் மிகுந்த காடுகளில் ஒன்று என்று அறிஞர்கள் இதைச் சொல்கிறார்கள். நம் தோட்டத்தில் 128 ஏக்கர் என்றால் எவ்வளவு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தனை ஏக்கரிலும் நாம் பார்ப்பது செம்பனை என்ற ஒரே வகைதான். காட்டின் உச்சியில் நடப்பதை ஆராய 80 மீட்டர் உயரமுள்ள பாரந்தூக்கி ஒன்றையும் காட்டுக்கு நடுவே நிறுத்தினார்கள். இந்த ஆராய்ச்சியை முன்னின்று நடத்திய ஜப்பானியப் பேராசிரியர் தமிஜி இனோவே, 1997 செப்டம்பரில் விமான விபத்தில் உயிரிழந்தார். அந்த விமானம் விழுந்ததும் இதே லம்பிர்க் குன்றுகளில்தான்.

பெருமையைச் சொன்னேன், குறையையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் நடந்தபோது மரங்கள் வானை முட்டி நின்றன, ஆனால் பெரிய பறவைகளின் குரலை நாங்கள் கேட்கவே இல்லை. நேரம் சரியில்லையோ என்று நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது வேறு. சாலை அருகிலேயே இருப்பதால் வேட்டைக்காரர்கள் எளிதில் வந்து போனார்கள். பல ஆண்டு வேட்டையில் பெரிய இருவாய்க் குருவிகள், கிப்பன் குரங்குகள் போன்றவை அங்கே பெரும்பாலும் அற்றுப்போய்விட்டன. பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் போடுவது இவற்றின் வேலை. அவை இல்லாவிட்டால் விதை தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து கிடக்கும். மரம் நிற்கும்போதே காடு மெல்ல மாறத் தொடங்கிவிடும். பூங்காவைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் நெருங்கி நிற்பதால் வேறு காட்டிலிருந்து விலங்குகள் வந்து சேரவும் வழி குறைவு. செம்பனையைக் குற்றவாளி ஆக்க என் மனம் ஒப்பவில்லை. அதில்தான் நம் குடும்பங்கள் சாப்பிட்டன, என் பள்ளிப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் அந்த அமைதியை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

லம்பிரைத் தாண்டி மேலும் ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாகப் போனால் பத்து நியா என்ற சிற்றூருக்குத் திரும்பும் வழி வரும். மீரியிலிருந்து கணக்கிட்டால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சாலை நெடுகச் செம்பனைத் தோட்டங்கள். அங்கே குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். ஒரு கடையில் தேநீர் அருந்தும்போது, குலை வெட்டும் நீளக் கத்தியைத் தோளில் சாய்த்தபடி ஓர் இளைஞர் எங்களிடம், "நீங்களும் தோட்டமா?" என்று மலாய்மொழியில் கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை.

நியா தேசியப் பூங்கா 1974இல் அமைந்தது. பூங்கா அலுவலகத்தில் காரை நிறுத்திவிட்டு, படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு மிகச் சிறியதுதான். அக்கரையிலிருந்து காட்டுக்குள் பலகை பாவிய நடைபாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மழை பெய்திருந்தால் பலகை வழுக்கும், கவனம் வேண்டும். முதலில் வருவது வியாபாரிகள் குகை. மேலே பாறை கூரைபோல் நீண்டிருக்க, அதன் அடியில் மரச்சட்டங்களால் ஆன குடிசைகளின் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பறவைக்கூடும் குவானோ உரமும் வாங்க விற்க வந்தவர்கள் தங்கிய இடம் அது. அதைத் தாண்டி ஏறினால் பெருங்குகையின் மேற்கு வாயில். உயரம் 60 மீட்டர், அகலம் ஏறத்தாழ 250 மீட்டர். நம் பத்துமலைக் குகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அது மலைப்பாக இருக்கும்.

இந்தக் குகையின் கூரையில் உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டுகின்றன. சீனர்கள் சூப் வைத்துச் சாப்பிடும் பறவைக்கூடு அதுதான். கூரையிலிருந்து தொங்கும் நீண்ட கழிகளில் ஏறி, கைவிளக்கின் வெளிச்சத்தில் அவற்றைச் சுரண்டி எடுக்கிறார்கள். கீழே வலை கிடையாது. கால் தவறினால் அவ்வளவுதான். தரையில் படிந்திருக்கும் குருவி எச்சமும் வௌவால் எச்சமும் சேர்ந்ததுதான் குவானோ. நல்ல உரம். மூட்டைகளில் கட்டி முதுகில் சுமந்து, அதே நடைபாதையில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவார்கள். செடிக்கு உரம் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த மூட்டையின் கனம் எப்படியிருக்கும் என்று தெரியும்.

கூட்டுக்காரர்களும் உரக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த இந்தக் குகையை, மனித குல வரலாற்றைத் தேடும் அறிஞர்கள் நெடுங்காலம் தவறவிட்டார்கள். மனிதனின் தோற்றம் பற்றிய சர்ச்சை ஐரோப்பாவில் சூடுபிடித்திருந்த காலம். சரவாக்கில் முன்பு தங்கியிருந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற பெரிய இயற்கை அறிஞர், போர்னியோக் குகைகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று தூண்டினார். இங்கிலாந்தில் பணம் திரட்டி, எவரெட் என்பவரைக்கொண்டு 1878, 1879ஆம் ஆண்டுகளில் குகைகளை ஆராய்ந்தார்கள். நியாவுக்கும் அவர் வந்தார். மிகப் பழைய மனிதனின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அதோடு முக்கால் நூற்றாண்டு யாரும் அந்தப் பக்கம் தோண்டவில்லை.

1947இல் சரவாக் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக வந்தவர் டாம் ஹாரிசன். போர்க்காலத்தில் விமானத்திலிருந்து பாராசூட்டில் கெலாபிட் மேட்டுநிலத்தில் குதித்து, உள்ளூர் மக்களைத் திரட்டி ஜப்பானியரை எதிர்த்தவர். முரட்டுப் பிடிவாதக்காரர். 1954இல் நியாவில் சிறிதாகத் தோண்டிப் பார்த்து, 1957இலிருந்து பெரிய அளவில் தொடங்கினார். அவருடைய மனைவி பார்பராவும் உடனிருந்து உழைத்தார். மேற்கு வாயிலில் பிற்பகல் வெயில் நேராக வந்து விழும் ஓர் அகழி இருந்தது. அந்தப் புழுக்கத்தைத் தாங்கமுடியாமல் அதற்கு 'நரகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மண்வெட்டியும் கூடையுமாக அந்த நரகத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சரவாக்கின் உள்ளூர்த் தொழிலாளர்கள். 1958 பிப்ரவரியில், ஏறக்குறைய 9 அடி ஆழத்தில், ஒரு மனித மண்டையோடு கிடைத்தது.

அதன் அருகே கிடைத்த கரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். சுமார் 40,000 ஆண்டுகள் என்று விடை வந்தது. அறிஞர் உலகம் நம்ப மறுத்தது. நம்மைப் போன்ற தற்கால மனித இனம் தென்கிழக்காசியாவில் அவ்வளவு முன்பே வாழ்ந்ததா என்று கேட்டார்கள். பள்ளம் தோண்டிப் பிற்காலத்தில் புதைத்த உடலாக இருக்கலாமே, ஹாரிசன் மண்ணின் அடுக்குகளைச் சரியாகக் குறித்து வைக்கவில்லையே என்றார்கள். அந்தக் குறை உண்மைதான். அவர் வேகக்காரர், குறிப்பு எழுதுவதில் பொறுமை போதவில்லை. 1976இல் தாய்லாந்தில் நடந்த சாலை விபத்தில் அவர் இறந்தபோதும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை.

2000ஆம் ஆண்டு முதல் கிரேம் பார்க்கர் என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு அதே அகழிக்குத் திரும்பியது. புதிதாக நிறையத் தோண்டவில்லை. பழைய அகழியின் சுவர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடுக்கடுக்காகப் படித்தார்கள். மண்டையோட்டின் எலும்பையே புதிய முறையில் சோதித்தார்கள். ஏறக்குறைய 37,000 ஆண்டுகள் என்று தெரிந்தது. ஹாரிசன் சொன்னது பெருமளவு சரிதான். நம் பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் கிடைத்த பேராக் மனிதனுக்கு ஏறக்குறைய 11,000 வயது என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பழையது என்று விளங்கும்.

அந்தப் பழைய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் தெரிந்தது. காட்டுப்பன்றி, குரங்கு, ஆமை, எறும்புண்ணி ஆகியவற்றைப் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். இன்று உலகிலேயே இல்லாமல் போய்விட்ட பேருருவ எறும்புண்ணியின் எலும்புகளும் அங்கே கிடைத்தன. என்னை மிகவும் வியக்கவைத்தது கிழங்குச் செய்திதான். காடோங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டுக் கிழங்கு நஞ்சுள்ளது, அப்படியே தின்றால் ஆபத்து. அந்த வகை நச்சுக் கிழங்குகளையும் கொட்டைகளையும் சாம்பலில் புதைத்து நஞ்சு நீக்கிச் சாப்பிட்டதற்கான தடயம் அந்தக் குகையில் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்த நம் பெரியவர்களைக் கேட்டிருந்தால், எந்தக் கிழங்கை எப்படி ஊறவைத்து, எத்தனை தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அந்த அறிவு ஏட்டுப் படிப்பில் வருவதல்ல. யாரோ ஒரு தாய் தன் மகளுக்குச் செய்து காட்டியிருக்க வேண்டும்.

இப்போது அந்த மண்டையோட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்வி. முதலில் ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர், இது இளம் பருவத்தினர் ஒருவருடையது என்றும், சாயல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள தாஸ்மானியத் தீவின் பழங்குடிகளைப் போன்றது என்றும் 1960இல் எழுதினார். அதை வைத்துக்கொண்டு, போர்னியோவின் முதல் மக்கள் வேறொரு இனத்தார், இன்று அங்கே வாழும் பழங்குடிகளின் முன்னோர் பிற்காலத்தில் வந்தவர்கள் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடந்தது. 2016இல் ஆஸ்திரேலிய அறிஞர் டேரன் கர்னோவும் மற்றவர்களும் மறுபடி ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தார்கள். அவர் நடுத்தர வயதுப் பெண், மெல்லிய உடல்வாகு, சாயல் தாஸ்மானியரைவிட இன்றைய போர்னியோப் பழங்குடிகளுக்கே நெருக்கமானது என்றார்கள். ஒரே மண்டையோட்டை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தையே அரை நூற்றாண்டு வந்தேறிகள் என்று சொல்லிவிட முடிந்தது. அதே மண்டையோட்டை மறுபடி பொறுமையாகப் பார்த்ததும் அந்தச் சொல் ஆட்டம் கண்டது. யார் மண்ணின் மக்கள், யார் வந்தவர்கள் என்று அவசரமாகத் தீர்ப்புச் சொல்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அவர்களை நியாவுக்கு ஒருமுறை அழைத்துப் போகலாம்.

என் மகள் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் பதில். அந்தப் பெண்மணி வாழ்ந்த காலத்தில் கடல் மட்டம் இன்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தது. உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மேல் பனிக்கட்டியாக உறைந்து கிடந்ததே காரணம். நாம் விமானத்தில் தாண்டிய அந்தக் கடலின் அடித்தரை அப்போது வெட்டவெளி நிலம். மலாயாவும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. பேராக்கிலிருந்து நியாவுக்கு நடந்தே போயிருக்கலாம். "அப்படியானால் காரிலும் வந்திருக்கலாம்" என்றாள் மகள்.

பெருங்குகையின் இருட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறிப் போனால் ஓவியக் குகை. உள்ளூர்ப் பெயர் குவா காயின் ஹீத்தாம். 1958இல் பார்பரா ஹாரிசன் உலகுக்கு அறிவித்தார். சுவரில் காவிக்கல்லின் சிவப்பு நிறத்தில் படகுகள், ஆடும் மனிதர்கள், விலங்குகள். தரையில் படகு வடிவிலான மரச் சவப்பெட்டிகள் கிடந்தன. இறந்தவர்களைப் படகில் ஏற்றி மறுஉலகுக்கு அனுப்பும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கிறது. ஓவியங்கள் வெகுவாக மங்கிவிட்டன. கம்பிவேலிக்கு வெளியே நின்று, கண் பழகும்வரை பொறுத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றாகத் தெரியும்.

நியாவில் கிடைத்த மனித எலும்புகளில் பல, 1960களில் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே தங்கிவிட்டன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவை சரவாக்குக்குத் திரும்பி வந்தன. 2024 ஜூலையில் புதுடில்லியில் கூடிய உலக மரபுடைமைக் குழு, நியாவின் குகைகளை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. குறைந்தது 50,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் அங்கே இருக்கிறது என்பது அந்த அறிவிப்பு.

நேரம் இருந்தால் இன்னொரு நாள் லோகான் புனுட் ஏரிக்கும் காரில் போகலாம். சரவாக்கின் மிகப் பெரிய இயற்கை ஏரி. மழை குறைந்தால் நீர் வற்றி, வெடித்த சேறாகிவிடும். பெராவான் இன மக்கள் மரத்தெப்பத்தில் பெரிய கைவலையைப் பொருத்தி, 'செலம்பாவ்' என்ற முறையில் அங்கே மீன் பிடிப்பார்கள். நாங்கள் போனபோது ஏரி பாதி வற்றிக் கொக்குகள் கூட்டமாக நின்றன. 2000இலேயே உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்துவிட்ட முலு குகைகளுக்கு மட்டும் மீரியிலிருந்து காரில் போக முடியாது. சிறு விமானம் பிடிக்க வேண்டும். அதற்கு எங்கள் கையில் பணம் போதவில்லை.

போக நினைக்கும் நேயர்களுக்கு இரண்டொரு சொல். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அடையாளப் பத்திரம் வேண்டும். நியாவுக்கு ஆளுக்கொரு கைவிளக்கும் வழுக்காத காலணியும் கட்டாயம் தேவை. குகைக்குள் கைப்பிடிக் கம்பிகளில் வௌவால் எச்சம் படிந்திருக்கும். பிடித்த கையோடு பலகாரத்தைத் தொடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மாலை வரை மேற்கு வாயிலில் காத்திருங்கள். பொழுது சாயும் நேரத்தில் குருவிகள் கூட்டமாக உள்ளே திரும்ப, அதே வாயிலில் வௌவால்கள் இரைக்கு வெளியே கிளம்பும். ஒரு சாரார் வேலை முடிந்து வர, மறு சாரார் இரவு வேலைக்குப் போகிறார்கள். மில்லில் ஷிப்டு மாறுவதுபோல என்று என் நண்பர் சொன்னார்.